சிம்மில் வைத்த பால்

பொங்காதே. இன்னும் கொஞ்சம் பொறு, உனக்குப் புண்ணியமாப் போகும். பால் காய்ச்சிக் குடிவர வந்தவ பாலைப் பார்த்துப் பொங்காதேன்னு கெஞ்சுறாளே, இவளுக்கு மூளை கீளை பிசகிருச்சான்னு யாராவது கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். கேக்கறதுக்கு இந்த அடுப்படியில ஆளும் இல்ல. நான் இருக்கேன், நாங்க கொண்டுவந்த ஒத்தை பர்னர் ஸ்டவ்வும் குட்டிச் சிலிண்டரும் இருக்கு, புது எவர்சில்வர் பாத்திரத்துல அரை லிட்டர் பால் இருக்கு, சுவத்துல சாய்ச்சு வச்ச பிள்ளையார் படம் இருக்கு. பக்கத்துல கோமதியக்கா கீழேயிருந்து கொண்டுவந்து வச்ச தூக்குச்சட்டி நிறையச் சொதி. ஹால்ல என் புருஷன் சுயம்புலிங்கமும் இந்த வீட்டுச் சொந்தக்காரி கோமதியக்காவும் பாய் விரிச்சு உட்கார்ந்து பேசிக்கிட்டிருக்காங்க. மணி பத்து ஏழு. பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பால் பொங்கணும். பொங்கிருச்சுன்னா குங்குமம் வச்சு, ஆளுக்கு ஒரு வாய் குடிச்சு, பாய் மேல கிடக்கிற அக்ரிமென்ட்ல கையெழுத்துப் போட்டு, நாங்க இந்த வீட்டுக்காரங்க ஆயிருவோம். ஒரு வார்த்தை சொல்லணும்னா பொங்குறதுக்கு முன்னாடி சொல்லிறணும். பொங்கினப்புறம் சொன்னா அதுக்குப் பேரே வேற. அதனாலதான் யாருக்கும் தெரியாம ஸ்டவ் திருகைத் திருப்பி சிம்ல வச்சேன். நெருப்பு சுருங்கிப் போயி மினுக் மினுக்னு நிக்குது. பால் மேல ஒரு சலனமும் இல்ல. நல்ல பிள்ளை, அப்படியே இரு.

சுத்த சைவமாம். எப்படி வந்துச்சு அந்த வார்த்தை அவர் வாயில? நிலைப்படியில நான் பால் பாத்திரத்தோட வலது காலைத் தூக்கி வைக்கிறேன், கோமதியக்கா சிரிச்ச முகமா, "உள்ள வா தங்கச்சி. சைவம்தானே நீங்க? கேக்கவே வேண்டாம், இருந்தாலும் ஒரு வாய்வார்த்தைக்குக் கேக்கேன்"ங்கிறாங்க. என் கால் அந்தரத்துல நிக்குது. இவர் ஒரு நொடி யோசிக்கல. "சுத்த சைவம்க்கா"ன்னார். அதுவும் எப்படி, நெஞ்சுல கை வச்சு. சைவத்தோட நிறுத்தியிருக்கலாம்ல? சுத்தம் வேற. எழும்பூர் பார்சல் ஆபீஸ்ல முப்பது வருஷம், தூத்துக்குடி வண்டியில இறங்குற மீன் கூடையை ஐஸ் உடைக்காமலே மூக்கை வச்சு இது விளமீன், இது ஊளின்னு சொன்ன மனுஷன். கல்யாணமான மறுவாரம் நான் வச்ச சாளைக் குழம்பைத் தின்னுட்டு ஒண்ணும் பேசாம எழுந்து போயி கை கழுவாமத் திரும்பி வந்து இன்னொரு தட்டு சோறு வாங்கின மனுஷன். கழுவினா மணம் போயிருமாம். அந்த வாய்தான் சொல்லுது. முப்பத்திமூணு வருஷம் நான் அரைச்ச அம்மி, கிரைண்டர், மிக்ஸி அத்தனையையும் ஒரே வார்த்தையில இல்லைன்னுட்டாரு. என் கையை வெட்டி வாசல்ல வச்சுட்டு உள்ளே வான்னு சொன்னமாதிரி இருந்துச்சு. நான் என்ன செஞ்சேன்? அந்தரத்துல நின்ன காலை உள்ளே வச்சேன். அதுதான் எனக்கு ஆறமாட்டேங்குது. அவர் சொன்னாரு, சரி. எனக்கு என்ன வந்துச்சு? இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில உட்கார்ந்து ஊர்ப்பட்ட வாயைக் கேட்டவ, ஊர்ப்பேச்சைக்கூட மாத்திக்கிட்டேன் அங்கே, ஆனா வாய் அடைச்சு நின்னதில்ல. சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசி மெமோ வாங்கினவ இந்தத் தங்கபுஷ்பம். இன்னைக்கு ஒரு நிலைப்படியில ஊமையாயிட்டா.

ஏன்னு எனக்குத் தெரியாதா என்ன. இதோ, இதுக்குத்தான். இந்த அமைதிக்கு. கேளு, ஒண்ணுமில்ல. ஒரு காக்கா. யாரோ வாளியில தண்ணி பிடிக்கிறாங்க. எங்கேயோ ஒரு குக்கர் ஒரே ஒரு விசில் விட்டு நிறுத்திருச்சு. மந்தைவெளியில, மெயின் ரோட்டுலேருந்து ரெண்டு திருப்பம் உள்ளே, முட்டுச்சந்து, கடைசி வீடு, மாடி. பஸ் சத்தம்கூட வரல. எக்ஸ்சேஞ்ச்ல ஹெட்செட் மாட்டி மாட்டி என் காதுக்குள்ள ஒரு வண்டு குடியிருக்கு, பன்னெண்டு வருஷமா. சும்மா இருந்தா ம்ம்முன்னு மெதுவாப் பாடும். சத்தம் கேட்டுச்சுன்னா அதுவும் கூடச் சேர்ந்து கத்தும். நூறடி ரோட்டுப் பக்கம் நாங்க இருக்கிற வீட்டு முன்னாடி மூணு வருஷமாப் பாலம் கட்டுறாங்க. தூண் இறக்குற மெஷின் பொத்து, பொத்துன்னு இடிக்கும்போது தட்டுல இருக்கிற ரசம் நடுங்கும். அந்த இடி நின்ன பிறகும் காதுக்குள்ள இடிக்கும். ஆறு மாசமாச்சு நான் ஒழுங்காத் தூங்கி. போன மாசம் அடுப்புகிட்ட தலை சுத்தி விழுந்தேன். காது டாக்டர் சொன்னாரு, "மாத்திரை எழுதித் தர்றேன், ஆனா மாத்த வேண்டியது மாத்திரை இல்ல, வீடு"ன்னு. அன்னைக்கு இவர் முகத்தைப் பார்க்கணுமே. வெளியே வந்ததும் கேன்டீன் பக்கம் மூக்கைத் திருப்பாம நேரா நடந்தாரு. போண்டா வாசனை அடிக்குது, மனுஷன் திரும்பல. அப்பவே நான் பயந்துட்டேன். இவர் ஏதோ முடிவு பண்ணிட்டாருன்னு.

"என்ன தங்கச்சி, பொங்கிட்டா?" கோமதியக்கா. "இல்லக்கா, பால் கட்டியா இருக்கு, நேரமாகுது"ன்னேன். பார்த்தியா, இப்ப நானும் ஆரம்பிச்சுட்டேன். ஒரு பொய்க்குப் பக்கத்துல நின்னா அது குட்டி போடுது.

தூக்கு மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். தேங்காப்பால் மணம், இஞ்சி, பச்சைமிளகா, பாசிப்பருப்பு குழைஞ்ச மணம், கடைசியில எலுமிச்சம்பழம். அடக் கோமதியக்கா, உங்களைத் திட்டவும் விடமாட்டேங்கிறீங்களே. இந்தச் சொதிதான் எங்களைக் கவுத்துச்சு. வீடு தேடுறதுன்னா எல்லாரும் தண்ணி வருதா, வெளிச்சம் வருதான்னு பார்ப்பாங்க. நாங்க அப்படி இல்ல. நாங்க ஏரியாவை மூணு வேளை தின்னு பார்த்துட்டுத்தான் வீட்டுக் கதவையே தட்டுவோம். காலையில இட்லி, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஏதாவது ஒரு பலகாரம். மூணுல ரெண்டு தேறினாத்தான் டு-லெட் போர்டையே அண்ணாந்து பார்க்கிறது. எங்க மக செண்பகவல்லி பெங்களூர்லேருந்து போன்ல தலையில அடிச்சுக்கிட்டா, "அம்மா, வீடு பாக்கப் போனீங்களா, விருந்துக்குப் போனீங்களா?"ன்னு. போடி. ஒன்பது ஏரியா பார்த்தோம். நங்கநல்லூர்ல அடை பிரமாதம், அவியலுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம், ஆனா தலைக்கு மேல ஏரோப்ளேன். பெசன்ட் நகர்ல மீனு கைக்கெட்டின தூரம், ஆனா ஞாயித்துக்கிழமை ஊரே அங்கதான் வந்து நிக்குது. அண்ணா நகர்ல ஒரு அமைதியான தெரு கிடைச்சுச்சு, அங்கே காலையில தின்ன இட்லியை நினைச்சா இப்பவும் எனக்கு அழுகை வருது, நல்லதுக்கு இல்ல. கடைசியாத்தான் இங்கே. திருப்பத்துல இருக்கிற மெஸ்ஸுல ஒரு வத்தக்குழம்பு, அதைச் சாப்பிட்டுட்டு இவர் சமையல்காரரைக் கூப்பிட்டு மணத்தக்காளி எங்கே வாங்குறீங்கன்னு கேட்டாரு. கீரைக்காரி வாசலுக்கே வர்றா, அரைக்கீரையைப் பார்த்தா காலையில பறிச்சதுன்னு தெரியுது. நெய் உருக்கி விக்கிற கடை ஒண்ணு. அப்படியே கிழக்கே கால்மணி நேரம் நடந்தா கடற்கரை, படகு வந்து இறங்குற மீனு, துள்ளுற மீனு. இவர் அங்கே நின்னு சங்கரா வாங்கட்டுமான்னு என்னைப் பார்த்த பார்வை, பொண்ணு பாக்க வந்தப்பக்கூட அப்படிப் பார்க்கல.

அப்புறம்தான் இந்த போர்டு. கோமதியக்கா கதவைத் திறந்து, எந்த ஊருன்னு கேட்டு, திருச்செந்தூர்ப் பக்கம்னு இவர் சொன்னதும், "நான் பாளையங்கோட்டையில்லா!"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. சொதிக்கு ரெண்டாம் பால்லதான் காய் வேகணுமான்னு இவர் ஆரம்பிச்சாரு. முடிஞ்சது கதை. ஒரு மணி நேரம். முருங்கைக்காய் போடலாமா கூடாதா, இஞ்சித் துவையலுக்குப் புளி எவ்வளவு, உருளைக்கிழங்கைப் பொரிக்கணுமா வதக்கணுமா. வீட்டைக்கூட நான்தான் தனியாச் சுத்திப் பார்த்தேன், ரெண்டு பேரும் அடுத்து அவியலுக்குப் போயிட்டாங்க. இத்தனை பேசினோமே, இந்த வீட்டு அடுப்படியில என்ன சமைக்கலாம், என்ன சமைக்கக் கூடாதுன்னு ஒரு கேள்வி கேட்டோமா? ஊர்ல இருக்கிற அத்தனை அடுப்பையும் சோதிச்சுட்டு, நாம பத்தவைக்கப் போற அடுப்பைக் கேட்காம விட்டோம். உலகத்துல வேற எந்த முட்டாளும் இப்படி ஒரு தப்பு செய்யமாட்டான். அந்தம்மாவும் கேட்கல. சொதியைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவன், சுயம்புலிங்கம்னு சிவன் பேரு வச்சிருக்கிறவன், மீன் தின்னுவான்னு அவங்களுக்குத் தோணியே இருக்காது. போர்டுல சைவம் மட்டும்னு எழுதினா நல்லா இருக்காதுன்னு எழுதலையாம், இன்னைக்குச் சொல்றாங்க. அந்த நாகரிகம்தான் எங்களை இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டுருச்சு. திட்டத்தான் ஆசை. ஆனா நல்ல மனுஷி. அதான் கஷ்டமே.

சரி, ஏன் இப்படிக் கிடந்து அடிச்சுக்கிறேன். பேசாம நெருப்பைக் கூட்டு, பொங்கட்டும், குங்குமத்தை வை. எத்தனை பேர் இருக்காங்க இந்த ஊர்ல, வீட்டுக்காரங்ககிட்ட ஒண்ணு சொல்லிட்டு உள்ளே ஒண்ணு செய்றவங்க. எங்க எக்ஸ்சேஞ்ச் பிரேமாவதி அஞ்சு வருஷம் அப்படித்தானே இருந்தா. மீனைக் கீரைக்கட்டுக்குள்ள சுத்திக் கொண்டுவருவாளாம். பொரிக்கறதுக்கு முன்னாடி சாம்பிராணி போட்டுருவாளாம். தெருக்காரங்க அவளைப் பெரிய பக்திமான்னு நினைச்சுக்கிட்டாங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. நானும் சிரிச்சேன். இப்பச் சிரிப்பு வரல. நினைச்சுப் பாரு, தங்கபுஷ்பம், ஜன்னல் எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கதவிடுக்குல துணி வச்சு, சட்டியில மீனைப் போடுற. சொர்னு ஒரு சத்தம் வருமே, எண்ணெயில மீனு விழற சத்தம், உலகத்துல எனக்குப் பிடிச்ச ஒரே சத்தம் இப்ப அதுதான், அதைக் கேட்டு நீ பயப்படுவ. கீழே காலடி கேட்டா அடுப்பை அணைப்ப. முள்ளைத் தாள்ல மடிச்சுப் பைக்குள்ள வச்சு ரெண்டு தெரு தள்ளிப் போயிப் போடுவ. பேரன் வந்தா, வாய்விட்டு மீனுன்னு சொல்லாதடா கண்ணுன்னு அதுக்குச் சொல்லிக்குடுப்ப, நாலு வயசுப் பிள்ளைக்கு. அப்ப இந்த அமைதி எதுக்கு? வெளியே அமைதியா இருக்கும், நெஞ்சுக்குள்ள தூண் இறக்குற மெஷின் இடிக்கும். அதுக்கு நூறடி ரோடே தேவல, அதுவாவது ஊருக்கெல்லாம் கேக்குது.

இல்லைன்னா நிஜமாவே விட்டுரலாம். மீனை விட்டுரலாம். இவர் அதைத்தான் முடிவு பண்ணியிருக்காரு, எனக்குத் தெரியும். எனக்காக. நாங்க ஒண்ணும் விடத் தெரியாதவங்க இல்ல. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, எங்க வீட்டுல முட்டைகூட உடைக்கமாட்டோம். சஷ்டிக்கு ஆறு நாள் விரதம், கார்த்திகையில ஒரு மாசம். அது முருகனுக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு. நாங்களா விடுறது. இன்னொருத்தர் நிலைப்படியில நின்னு, விட்டாத்தான் உள்ளே வரலாம்னா, அது வேற. அப்படி விட்டா, நான் விடுறது மீனை இல்ல. என்னத்தன்னு சொல்லத் தெரியல, ஆனா வயித்துல கைவச்ச இடத்துல அது இருக்கு, சூடா இருக்கு. வாடையாம். எது வாடை? கோமதியக்கா வாடைன்னு சொல்லல இன்னும், ஆனா சொல்லுவாங்க, நல்லவங்களும் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவாங்க. எனக்கு அது மணம். மழை நாள்ல கருவாட்டைச் சுட்டா எங்க தெருவுல எல்லா வீட்டு ஜன்னலும் திறக்கும். மூடாது, திறக்கும். இந்த ஸ்டவ்வைப் பாரு, நேத்து புளி போட்டுத் தேய்ச்சு வெளுத்துக் கொண்டுவந்திருக்கேன், பளபளன்னு நல்ல பிள்ளை மாதிரி நிக்குது. இது மேல எத்தனை மீன் சட்டி ஏறியிருக்குன்னு இதுக்குத் தெரியாதா? எனக்கு முன்னாடி இதுதான் பொய் சொல்லிக்கிட்டு நிக்குது.

பால் ஓரத்துல சின்னச் சின்னதா முத்து கட்ட ஆரம்பிச்சிருச்சு. சிம்ல வச்சாலும் பால் பால்தான், அது வேலையை அது பார்க்குது. பத்து பதினேழு. காலடிச் சத்தம். இவர். வந்து எட்டிப் பார்த்தாரு, பாலைப் பார்க்கல, குனிஞ்சு நெருப்பைப் பார்த்தாரு. பார்சல் ஆபீஸ் கண்ணு, எதுவும் தப்பாது.

"ஏளா, சிம்ல வச்சிருக்க?"

"ஆமா."

"ராகுகாலம் வந்திரும்."

"வரட்டும்."

ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "எதுக்கு மூஞ்சியை இப்படி வச்சிருக்க? வீட்டுல வைக்காட்டா என்ன, வெளிய போயித் தின்னுக்கிடுவோம். இல்லாட்டாலும் எனக்கு மீனு என்ன பெரிய இதுவா?"ன்னார்.

மீனு பெரிய இதுவான்னு கேட்கிறாரு. சுயம்புலிங்கம் கேட்கிறாரு. சிரிச்சிருக்கணும் நான். அவர் கண்ணு தூக்கு மேல இருந்துச்சு, என் மேல இல்ல. கழுத்து நரம்பு ஏறி இறங்குது. காலையில சவரம் பண்ணும்போது காதுகிட்ட ஒரு இடத்தை விட்டுட்டாரு, வெள்ளையா நாலு முடி நிக்குது. எனக்கு அதைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கேயோ போயி அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுதா இந்த ஆள் ஜெயிச்சிருவாரு.

"நீ தூங்கி ஆறு மாசமாச்சுல்லா" அப்படின்னாரு. "போன மாசம் விழுந்தியே. சட்டி சிதறிக் கிடக்கு, நீ கிடக்க. எனக்கு எது பெருசுன்னு நினைக்க?"

"எனக்காகப் பொய் சொல்லுங்க. ஆயிரம் சொல்லுங்க. என் கைக்குழம்பை வச்சுச் சொல்லாதீங்க."

"அமைதி வேண்டாமாளா உனக்கு?"

"வேணும். ரொம்ப வேணும். திருடித் தின்னுற அமைதி வேண்டாம்."

அவர் தூக்கு மூடியைச் சரியா அழுத்தி மூடினாரு. பால் நடுவுல ஒரு முறை மூச்சு விட்டமாதிரி ஏறி இறங்குச்சு. பாத்திரம் முழுக்க ஆடை தூக்கிக்கிட்டு மேலே வருது, வருது, விளிம்புக்கு ஒரு விரல்கடை இருக்கு. சிம்ல வச்சதுக்கே இவ்வளவு. என் கை தானாப் போயி திருகைத் திருப்பி அணைச்சது. டப்னு நெருப்பு போச்சு. ஏறின பால் ஏறின இடத்துல நின்னு, மெதுவா இறங்கிப் படுத்துக்கிச்சு. பொங்கல. நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு ஹாலுக்கு வந்தேன். பத்தடி தூரம்.

"அக்கா, பால் பொங்கல. நான்தான் அணைச்சேன். இவர் சொன்னது பொய். நாங்க மீன் சாப்பிடுறவங்க. கறியும் சாப்பிடுவோம். கருவாடும் சாப்பிடுவோம். வீட்டுல, வாரத்துக்கு நாலு நாள்."

நாலு நாள்னு சொல்லியிருக்க வேண்டாம். சொல்லும்போதே ரெண்டுன்னு குறைச்சுரலாமான்னு ஒரு புத்தி போச்சு, பார்த்துக்கோ. குறைக்கல.

கோமதியக்கா கோபப்படல. கோபப்பட்டிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். கையிலிருந்த குங்குமச்சிமிழை மூடி மடியில வச்சுக்கிட்டாங்க. "முன்னாலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா"ன்னு இவரைப் பார்த்துக் கேட்டாங்க. இவர் நிலையைப் பிடிச்சுக்கிட்டு தலை குனிஞ்சு நின்னாரு. "எங்க அத்தை கட்டின வீடு. அந்த அடுப்படியில முட்டைகூட ஏறுனதில்ல. அவுக செத்து இருபது வருஷம் ஆச்சு, ஆனா நான் மீற முடியாது, என்ன செய்ய?" என் முகத்தைப் பார்த்தாங்க. என் காது சங்கதி தெரியும் அவங்களுக்கு, போன வாரமே சொல்லியிருந்தேன். "ஒண்ணு செய்வோமா தங்கச்சி? வெளிய எங்க வேணும்னாலும் தின்னுக்கிடுங்க. நான் கேக்கமாட்டேன். வீட்டுக்குள்ள மட்டும் அந்த வாடை வேண்டாம். எனக்கும் துணையாச்சு, உனக்கும் தூக்கமாச்சு."

வந்துருச்சு அந்த வார்த்தை. இவர் டக்குனு நிமிர்ந்தாரு. கண்ணால கெஞ்சினாரு. ஆமான்னு சொல்லுளா, ஒரு ஆமாவுல முடிஞ்சிரும். காக்கா கத்துது. வாளித் தண்ணி நிறைஞ்சிருச்சு போல, குழாய்ச் சத்தமும் நின்னுபோச்சு. காதுக்குள்ள வண்டு தூங்குது. உண்மையைச் சொல்லிட்டோம், பொய் இல்ல, திருட்டு இல்ல, அந்தம்மாவும் இறங்கி வந்தாச்சு, இதுக்கு மேல என்னடி உனக்குன்னு மனசு கேக்குது. வேண்டாம்னு சொன்னா இன்னைக்கு மத்தியானமே அந்த மெஷின் இடி. இன்னொரு ஒன்பது ஏரியா. இன்னொரு தடவை விழலாம், அடுப்புல விழலாம். எனக்கு அமைதி வேணும், சாமி, பல்லைக் கடிச்சுக்கிட்டு வேணும். ஆனா நான் சமைக்கிற இடம் எனக்கு வீடு. சமைக்கக் கூடாதுன்னா அது லாட்ஜ்.

"இல்லக்கா. நல்ல மனசோட சொல்றீங்க. ஆனா வெளியே தின்னுட்டு வாயைக் கழுவிட்டு வந்து படுக்கிற வீட்டுல எனக்குத் தூக்கம் வராது. உங்க அடுப்படிக்கு உங்க முறை. அதைக் கெடுக்க நான் வரல. என் அடுப்படிக்கு என் முறை."

அவ்வளவுதான். முடிஞ்சது. அவங்க தலையை ஆட்டினாங்க. அக்ரிமென்டை நாலா மடிச்சாங்க. நான் உள்ளே போயி ஸ்டவ்வை எடுத்து வைக்கிறேன், பிள்ளையாரை எடுக்கிறேன், பின்னாலயே வந்து நின்னாங்க. "சொதியைக் கொண்டு போங்க. உங்களுக்குன்னு வச்சது"ன்னாங்க. குரல் கம்மியிருந்துச்சு. எவ்வளவு நல்ல மனுஷின்னு நினைச்சேன். அப்பதான் சொன்னாங்க. "தூக்கைத் திருப்பிக் கொண்டாந்து தர வேண்டாம், தங்கச்சி. நீங்களே வச்சுக்கிடுங்க."

முதல்ல எனக்கு உறைக்கல. தாராள மனசுன்னுதான் நினைச்சேன். இவர் என்னைப் பார்த்த பிறகுதான் உறைச்சது. தூக்கு நல்ல கனமான பழைய தூக்கு, மூடியில பேர் வெட்டியிருக்கு. அது எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துட்டுத் திரும்பி வரக் கூடாது. வந்தா அது இவங்க பாத்திரம் இல்ல. மனசறிஞ்சு குத்தணும்னு சொல்லல. அவங்களுக்கு அது குத்துன்னே தெரியாது. அன்பாச் சொன்னாங்க. அன்பாச் சொன்னதுதான் ஊசி மாதிரி உள்ளே போச்சு.

சொதி வேண்டாம்னு வச்சுட்டு வந்திருக்கலாம். ரோஷக்காரி அப்படித்தான் செய்வா. நானும் ரோஷக்காரிதான், ஆனா சொதி என்ன பாவம் செஞ்சுது? இப்படி ஒரு சொதியை யாராவது வேண்டாம்னு சொல்லுவாங்களா? நாங்க கொண்டுவந்த ரெண்டு டம்ளரை எடுத்தேன். பாலை முழுக்க அதுல ஊத்தினேன். பாத்திரத்தைக் குழாயில அலசினேன். தூக்கிலேருந்த சொதியை என் பாத்திரத்துல ஊத்தினேன், ஒரு சொட்டு சிந்தல, ஒரு முருங்கைத் துண்டு ஒட்டிக்கிட்டு இருந்தது, அதையும் விரலால வழிச்சேன். நக்கிப் பார்த்தேன். அருமை. அப்புறம் தூக்கைத் தேங்காநார் போட்டுத் தேய்ச்சேன், ஒரு தடவைக்கு மூணு தடவை. அதுல எலுமிச்சம்பழம் மிச்சமிருந்தா பால் திரிஞ்சு போகும். சுத்தமாக் கழுவி, முந்தானையால துடைச்சு, டம்ளர் பாலை ரெண்டையும் அதுல ஊத்தினேன். மூடியைப் போட்டேன். கோமதியக்கா பார்த்துக்கிட்டே நிக்கிறாங்க. இவரும் நிக்கிறாரு. யாரும் பேசல. அவ்வளவு அமைதியான வீடு அது.

"உங்க தூக்கு, அக்கா." அவங்க கையில குடுத்தேன். கையைப் பிடிச்சு வச்சுக் குடுத்தேன். "வெறும் பாத்திரமாத் திருப்பித் தர்ற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது. பால் இருக்கு. சூடா இருக்கு, பார்த்துப் பிடிங்க."

ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாங்க. சூடு பட்டிருக்கும், ஆனா கீழே வைக்கல. மாடிப்படி இறங்கும்போது திரும்பிப் பார்க்கலாமான்னு இருந்துச்சு. பார்த்தா, குடிக்கிறாங்களா கொட்டுறாங்களான்னு பார்க்கத் தோணும். குடிக்கட்டும், கொட்டட்டும். நான் குடுத்தாச்சு.

இவர் ஸ்டவ்வையும் சிலிண்டரையும் ரெண்டு கையில தூக்கிக்கிட்டு முன்னால நடக்கிறாரு, நான் சொதிப் பாத்திரத்தை அணைச்சுப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால. முதல் திருப்பம். வத்தக்குழம்பு மெஸ்ஸுல அப்பளம் பொரிக்கிறாங்க. ரெண்டாவது திருப்பம். மெயின் ரோடு. பஸ் ஹாரன் ஒண்ணு காதுல வந்து அறைஞ்சுது, வண்டு எழுந்து ம்ம்முன்னு பாட ஆரம்பிச்சிருச்சு. பாடு. உன்னோட பன்னெண்டு வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன், இன்னும் கொஞ்ச நாள் பண்றேன். இன்னும் எத்தனையோ தெரு இருக்கு இந்த மெட்ராஸ்ல. அமைதியான தெருவுல மீன் மணக்கிற அடுப்படி ஒண்ணாவது இல்லாமலா போயிரும்?

ஆட்டோ நிக்கிற இடத்துல ஸ்டவ்வைக் கீழே வச்சுட்டு இவர் மூச்சு வாங்கினாரு. கோபமோ வெட்கமோன்னு அவர் முகத்தைப் பார்த்தேன். மெதுவாக் கிட்ட வந்து, பாத்திரத்து மேல குனிஞ்சு, மூக்கை வச்சு இழுத்தாரு. கண்ணை மூடிக்கிட்டாரு.

"இஞ்சியைச் சாறு எடுத்துல்லா விட்டிருக்காக"ன்னார்.

"நாளைக்குச் சாளை வாங்குங்க"ன்னேன்.

கண்ணைத் திறந்தாரு. "சாளையா? தெரு பூரா மணக்குமேளா."

மணக்கட்டும்னேன்.